ஊர் தெரியாத சிவப்புக் கல்

கல் சுமக்கிற தொழில் எங்கும் உண்டு. கல்லில் ஒட்டியிருக்கிற பாசிக்காகக் கல் சுமந்தவன் தலவாக்கலைப் பக்கம் நான் ஒருத்தன்தான். பெரிய மனுசருக்குப் பின்னால் மூட்டை தூக்கி நடந்தவங்களுக்கு என் பாடு புரியும்.

மருந்தில்லாத டாக்டர்

கொழும்பிலிருந்து வந்த டாக்டர் ஓடைப்பாசியைப் படித்துப் பட்டம் வாங்கியவர். ஓய்வு பெற ஒரு வருசம்தான் பாக்கி. அதற்குள் யாரும் பார்க்காத பாசி ஒன்றையாவது கண்டு எழுதி வைத்துவிட வேணும் என்பது அவர் ஆசை.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்கு டாக்டர் என்ற பேரே போதும். ராமாயி அக்கா காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கே வந்துவிட்டது. இவர் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை என்று விளக்கினேன். முழங்கால் தண்ணியில் நின்றவரை அக்கா மேலும் கீழும் பார்த்தது. "பாசிக்கு டாக்டர் அனுப்புறாங்க, எங்க புள்ளைக்கு அனுப்பத்தான் ஆளில்லையாக்கும்."

நுரைத்த கல்

லிந்துலை, திம்புள்ள, வலப்பனை என்று மூன்று பக்கமும் கல் எடுத்தோம். எடுத்த ஓடையின் பேரைச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றிலும் டாக்டர் கட்டிவிடுவார். ஒரு நாள் எல்லாம் மழையில் நனைந்து வந்தன. தரம் பிரித்து வை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நானோ தேயிலை பெக்டரியில் சல்லடை போட்டவன். எந்த மலைக் கொழுந்தானாலும் அங்கே ஒன்றுதான். தூள் வேறு, இலை வேறு என்று பிரித்தால் போதும். ஈரச் சீட்டுகளை அவிழ்த்துப் போட்டு, பெரிசு சிறிசு, கறுப்பு சிவப்பு என்று அழகாக அடுக்கினேன். திரும்பி வந்தவர் ஒரு சிவப்புக் கல்லில் ஒரு சொட்டு அசிட் விட்டார். புசுபுசுவென்று நுரைத்தது. கல்லைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தார். "சுண்ணாம்பு கட்டுற செம்பாசிப்பா. கடல்ல இருக்க வேண்டியது. இது எந்த ஓடைக் கல்லு?"

ஊர் இல்லாமல் பேர் இல்லை

சீவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், புத்தகங்களோடு ஒப்பிட்டார், ஒரு துண்டைச் சீமைக்கு அனுப்பினார். மூன்று ஓடையிலும் மறுபடி இறங்கித் தேடினோம். அட்டை கடித்ததுதான் மிச்சம். சீமையிலிருந்து பதில் வந்தது: புது இனம்தான், ஆனால் எடுத்த இடம் தெரியாமல் பேர் வைக்க முடியாதாம்.

வலப்பனையில்தான் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது, அதையே எழுதிவிடுங்கள் ஐயா என்றேன். திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. "பொய்யா ஒரு ஊரை எழுதினா, எனக்கப்புறம் வர்றவன் ஆயுசு பூரா அந்த ஓடையில தேடுவான், முத்தையா."

கருப்பையாவின் கேள்வி

டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். கல் பேரில்லாமல் அலமாரிக்குப் போனது. அந்த வாரம்தான் பெக்டரியில் என்னோடு வேலை செய்த கருப்பையாவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவும் தள்ளுபடியாகித் திரும்பி வந்திருந்தது. லிந்துலை லயத்தில் பிறந்தவன்; அதைப் பதிந்து வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அலமாரியிலிருந்து கல்லை எடுத்துக் காட்டி அதன் கதையை அவனிடம் சொன்னேன். கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக வைத்தான். "இதுக்கும் பொறந்த அத்தாட்சி கேக்குறாங்களாண்ணே?"

சும்மா கிடக்கிற வரைக்கும் யாரும் ஊர் கேட்பதில்லை. ஒரு பேர் வேணுமென்று போய் நின்றால்தான் கேட்கிறார்கள்.