சுடாத கிழி

என் வீட்டுக்காரருக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். கோட்டாற்றில் இருக்கும் எங்கள் பலசரக்குக் கடைக்குப் போவதற்குள் வழியெல்லாம் நின்று நின்றுதான் போவார். கேட்டவர்களெல்லாம் வைத்தியர் ஆனார்கள். ஒருவர் வாயு என்றார், ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார், சர்ச் பாட்டுக்குழுவில் ஒருவர் செருப்பை மாற்றச் சொன்னார். மருந்துக்கடையில் கொடுத்த வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினார். சர்க்கரை உள்ள மனுஷன், பீடியையும் விடவில்லை. இத்தனை பேரில் ஒருவராவது அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார்களா? நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாதான் பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி தேடினார். கிடைக்கவில்லை. கால் சில்லென்று இருந்தது. முட்டுக்குக் கீழே முடியெல்லாம் உதிர்ந்து வழவழவென்று ஆகியிருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் உள்ளே அடைத்துச் சுருங்கிவிட்டதாம். நடக்கும்போது சதை கூடுதல் ரத்தம் கேட்கிறது, வருவதில்லை, அதனால் வலி. நாஞ்சில் நாட்டில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாய்க்கால் அடைத்தால் கடைமடை காயத்தானே செய்யும்.

“பீடியை இன்னைக்கே விடணும். தினமும் நடங்க, வலிச்சா நில்லுங்க, விட்டதும் திரும்ப நடங்க. சூடு மட்டும் வைக்கக் கூடாது. இந்தக் கால்ல புண் வந்தா லேசுல ஆறாது” என்றார். ஸ்கேனுக்கு நாள் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அதற்குள் என் நாத்தனார், அவருடைய மூத்த அக்கா, குழித்துறையிலிருந்து வந்து இறங்கினார். கையில் அங்குள்ள வைத்திய ஆசான் காய்ச்சிக் கொடுத்த தைலம். தம்பியின் கால் சில்லிட்டிருக்கிறது என்று போனில் கேட்டதுமே கிழி பிடிப்பதென்று முடிவு கட்டியிருந்தார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். “அவிய அப்பிடித்தான் சொல்லுவாவ” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

கிழி என்றால் நொச்சி இலையையும் உப்பையும் துணியில் மூட்டையாகக் கட்டி, காய்ந்த தைலச் சட்டியில் தோய்த்து ஒற்றுவது. பிடிப்பவரின் கை மேலே முடிச்சில் இருக்கும். சூட்டுக்கு அளவு, படுத்திருப்பவரின் வாய்தான். அவர் சுடுகிறது என்றால் நிறுத்துவார்கள்.

மறுநாள் வீட்டுக்காரருக்குப் பதிலாகக் கடையில் இருந்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். வீடெல்லாம் தைல வாடை.

“மக்கா, சுடுதா?”

“இல்லக்கா, ஒண்ணும் தெரியல. இன்னும் கொஞ்சம் சூடாக்கு.”

ஓடிப்போய்க் கிழியைப் பிடுங்கினேன். என் உள்ளங்கை வெந்தது. அப்படியே முற்றத்தில் வீசினேன்.

“அத்தனை சொல்லியும் காலை நீட்டிக் குடுத்திருக்கியளே, ஒங்களுக்கு மதி இருக்கா?”

“அக்கா இவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்திருக்கா. வேண்டாம்னு எப்பிடிட்டி சொல்ல?”

மரியாதையாம் மரியாதை! போன வீட்டில் மனம் கோணக் கூடாதென்று கொடுத்த காப்பியைக் குடிக்கலாம், காலையுமா கொடுப்பார்கள்? அக்காவிடம் வாய் திறக்க மாட்டார். என்னிடம் மட்டும் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்.

சாயங்காலமே அவருடைய இரண்டு கால்விரலில் கொப்புளம். கொப்புளம் புண்ணானது, புண் கறுத்தது. சர்க்கரையில் பாதம் எப்போதோ மரத்துப் போயிருந்ததாம், அதனால்தான் சூடு தெரியவில்லையாம். தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை விரித்தார்கள். கால் பிழைத்தது. அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “நல்லாவணும்னுதானே மக்கா செய்தேன்.”

என் வீட்டுக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கரையாதக்கா. எனக்கு வலிக்கவே இல்ல” என்றார்.

“வலிச்சிருந்தா வெரலு இருந்திருக்கும்!”

நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.