கழுத்து தடித்த பித்தளை

சுட்டு முடித்த தோட்டாக்கூட்டை எடுத்ததும் ஆர்லீன் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார். கண்கள் பாதி மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து அக்டோபர் காற்றில் அந்தப் பித்தளை அப்போதுதான் இட்ட முட்டை போல வெதுவெதுப்பாக இருக்குமாம். பிறகு அது சட்டைப்பைக்குள் போய்விடும். தரையில் ஒன்றைக்கூட விட்டுவர மாட்டார்.

வேலை, பள்ளிப் பேருந்து ஓட்டுவது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் சமையலறை மேசைதான் கதி. ஒரு மூலையில் ரொட்டி மாவு உப்பிக்கொண்டிருக்கும், மறு மூலையில் பழைய கூடுகள். மறுபடி சுடுவதற்காகக் கூட்டை அச்சில் அழுத்தி உருத் திருத்தி, நீண்டுபோன வாயை அறுத்து, வெடிமருந்து போட்டு, குண்டைச் செருகுவார். ராகம் சேராத ஏதோ ஒரு முனகல் கூடவே ஓடும். பக்கத்து வீட்டிலிருந்து நான் காபிக்குப் போனால், "மருந்து அளக்கறப்ப பேசாத. பேச்சு முடியறதுக்குள்ள கண்ணு போயிடும்" என்பார். ஜன்னலுக்கு வெளியே அறுவடையான கோதுமை வயல் வானம்வரை மஞ்சளாகக் கிடக்கும்.

தம்பி ஓர்வில்லுக்குக் கை நடுக்கம். அவனுக்கும் அக்காதான் நிரப்பித் தருவார்.

போன சனிக்கிழமை ஊர்ச் சுடுதளத்தில் ஆர்லீனுடைய துப்பாக்கியின் பின்பக்கத் தாழான போல்ட், சுட்ட பிறகு திறக்கவில்லை. உள்ளங்கையால் குத்தித்தான் திறந்தார்.

"மருந்தைக் கரண்டியால அள்ளிப் போட்டியா, ஆர்லீன்?" ஓர்வில் சிரித்தான்.

"போடா. என் கையில ஒரு பொட்டுகூட அதிகமாகாது."

வீட்டுக்கு வந்து மீதித் தோட்டாக்களைப் பிரித்து எடை பார்த்தார். மருந்து சரியாகவே இருந்தது. அப்புறம், சுட்ட கூடு ஒன்றின் வாயில் புதுக் குண்டு ஒன்றை இறக்கிப் பார்த்தார். வெடிப்பில் விரிந்த வாய்க்குள் அது தானாக நழுவி விழ வேண்டும். விழவில்லை.

மேசையில் உப்பியிருந்த மாவின் மேல் கையை வைத்து அமுக்கினார்.

"இங்க அமுக்கினா அங்க பிதுங்குது பாரு. பித்தளையும் அப்படித்தான். சுடறப்பல்லாம், அச்சுல நசுக்கறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா முன்னால நகந்து கழுத்துல சேருது. நீண்டு வந்ததை அறுத்துட்டேன். உள்ள தடிச்சதைப் பாக்கவே இல்ல."

"தடிச்சா என்ன?" என்றேன், பக்கத்தில் நின்றிருந்த நான்.

"குண்டை விடறதுக்குக் கழுத்து விரியணும். துப்பாக்கிக்குள்ள விரிய எடமில்லன்னா அழுத்தம் எகிறிப் பின்னால வரும். போல்ட்டுக்குப் பின்னால மூஞ்சி இருக்குல்ல?"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். "ஓர்வில் பெட்டியில இருக்கறதும் இதே கூடுங்கதான்."

அவன் அன்று மாலை எல்க் மான் வேட்டைக்கு மலையேறுகிறான். கூப்பிட்டுப் பார்த்தோம், அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. இருவரும் அவன் வீட்டுக்குக் கிளம்பினோம்; வழியில் கடை முன்னால் வண்டியை நிறுத்தி எதையோ வாங்கிக்கொண்டு வந்தார் ஆர்லீன். சரளைச் சாலையில் எங்கள் வண்டி கிளப்பிய தூசி, விழ மனமில்லாததுபோல் வெயிலில் பொன்னாகத் தொங்கியது. ஆர்லீனிடம் வழக்கமான முனகல் இல்லை.

ஓர்வில் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"நான் குடுத்த பெட்டியத் திருப்பிக் குடு."

"உன் போல்ட் மக்கர் பண்ணினா என் வேட்டையக் கெடுப்பியா?"

"கழுத்து தடிச்சிருக்குடா. தப்பு என்னோடது. எனக்கு உன் மூஞ்சி முழுசா வேணும்."

ஓர்வில் மூட்டையைக் கீழே வைத்தான். பெட்டியை எடுத்துக் கொடுத்தான். ஆர்லீன் கோட்டுப் பையிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை நீட்டினார்.

"கடைத் தோட்டாவா? நீயா வாங்கின?"

"வாய மூடிட்டுக் கிளம்பு."

மூன்றாம் நாள் ஓர்வில் திரும்பினான். மான் கிடைக்கவில்லை. முகம் முழுசாக இருந்தது.

அன்று மதியம் பின்படியில் உட்கார்ந்து, திரும்ப வாங்கிய தோட்டாக்களின் குண்டுகளைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டு, இனி நிரப்ப முடியாதபடி கூடுகளின் கழுத்தைக் குறட்டால் நசுக்கிக்கொண்டிருந்தார் ஆர்லீன்.

"சீவி மெல்லிசாக்கிக்கலாமே?" என்றேன்.

"ஆக்கலாம். ஆனா இதுங்க ரொம்ப ஒழச்சிடுச்சு."

கடைசிக் கூட்டைக் கீழுதட்டில் வைத்து ஊதினார். மெல்லிய விசில் ஒன்று வயல் பக்கம் போயிற்று. அது ஓயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, குறட்டால் அதையும் நசுக்கினார்.