பாண்டிய இளவரசிக்கு வசனம் இல்லை

இலங்கையில் போர்நிறுத்தம் வந்திருந்த காலம். லண்டனில் இருந்த சிங்களச் சங்கங்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் திடீரென்று ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. அதை எப்படிக் காட்டுவதென்றுதான் இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை.

நான் அப்போது தோர்ண்டன் ஹீத்தில், வயதானவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் வேலை செய்தேன். என்னோடு அதே ஷிப்டில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். சிலாபத்துப் பக்கம். தாதிப் பயிற்சி முடித்து வேலை விசாவில் வந்தவள். கணவனும் இரண்டு பெண்பிள்ளைகளும் அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். சிலாபத்தில் அயலட்டையில் தமிழர் இருந்ததால் அவளுக்குத் தமிழ் தெரியும். வினைச்சொற்கள் மட்டும் யாரைப் பற்றிப் பேசினாலும் அஃறிணையில் வரும். அவள் என்னை அக்கா என்பாள். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது. நான் அவளை நங்கி என்பேன். சிங்களத்தில் தங்கச்சி.

ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டாள். "அக்கா, எங்கட சங்கத்து நாடகத்துக்கு ஒரு ராணி தேவை. நீங்க வருமா?"

"ராணிக்கு உங்கட ஆக்களில ஒருத்தரும் இல்லையே?"

"தமிழ் ராணி அக்கா. மதுரையில இருந்து வாறது. எங்கட தலைவருக்கு உண்மையான தமிழ் ஆள்தான் வேணுமாம், சமாதானத்துக்கு. எனக்குத் தெரிஞ்ச தமிழ் ஆள் நீங்க மட்டும்தான்."

இப்படித்தான் நான் பாண்டியன் மகளானேன்.

கதை எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருந்ததுதான். வங்க நாட்டு இளவரசி ஒருத்தி ஒரு சிங்கத்தோடு குடும்பம் நடத்துகிறாள். ஒரு மகன், ஒரு மகள். மகன் வளர்ந்து தகப்பன் சிங்கத்தைக் கொல்கிறான், அரசனாகிறான், தங்கையையே மணக்கிறான். அவர்களுடைய மூத்த பிள்ளை விஜயன். அவனுடைய அட்டகாசம் தாங்காமல், தகப்பனே அவனையும் எழுநூறு கூட்டாளிகளையும் கப்பலில் ஏற்றிவிடுகிறான். கப்பல் இலங்கையில் ஒதுங்குகிறது. அங்கே ஒரு மரத்தடியில் குவேனி என்ற இயக்கர் குலத்துப் பெண் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். பசியோடு வந்தவர்களுக்கு அவள்தான் அரிசி காட்டுகிறாள். தன்னுடைய சனத்தை வெல்ல வழியும் காட்டுகிறாள். விஜயனுக்கு இரண்டு பிள்ளைகளைப் பெறுகிறாள். நாடு கைக்கு வந்ததும், முடிசூட அரச குலத்துப் பெண் வேண்டுமென்று கூட்டாளிகள் மதுரைக்கு ஆள் அனுப்புகிறார்கள். பாண்டியன் மகளை அனுப்பிவைக்கிறான். குவேனியை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். ஒரு நாடு தொடங்கிய கதை இது.

வீட்டில் சொன்னபோது என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"பாத்தீரே, அவங்கட கதையிலயே எங்கட பொம்பிளைதான் ராணி. நீர் போம்."

"மற்றப் பொம்பிளையைத் துரத்திப்போட்டெல்லோ என்னைக் கூப்பிடுறாங்கள்?"

"உவங்கட சனத்தில பொம்பிளையளுக்கு மரியாதை இல்லையப்பா. தொடக்கமே அப்பிடி. எங்கட ஆக்கள் பொம்பிளையைக் கும்பிடுறவங்கள். சரி, தேத்தண்ணி ஒண்டு போடும்."

கும்பிடப்படும் சனத்தைச் சேர்ந்த நான் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டேன். குசினியில் நிற்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நானும் ஒரு புகைப்படத்தை நம்பி அனுப்பப்பட்டவள்தான். தரகர் பேசி, கொழும்பு வெள்ளவத்தையில் விசாவுக்காகக் காத்திருந்து, கொஞ்சம் சிங்களமும் பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். மாப்பிள்ளையை முதன்முதலில் நேரில் கண்டது விமான நிலையத்து வாசலில். என்னைப் பெற்று அனுப்பிய ஐயாவும் அன்று பாண்டிய மன்னனைப்போலப் பெருமையாகத்தான் இருந்தார்.

முதல் ஒத்திகை சங்கத் தலைவர் வீட்டில் நடந்தது. அவர் பல் வைத்தியர். ஐம்பது தாண்டியவர், கண்ணியமானவர், வயிறு அவருக்கு ஓரடி முன்னால் நடக்கும். விஜயனாக நடிப்பது யார் என்ற கேள்வியே எழவில்லை. கொழும்பிலிருந்து வந்த கிரீடம் அவருடைய தலை அளவுக்குச் செய்யப்பட்டிருந்தது. ஆண்கள் எல்லோரும் வரவேற்பறைச் சோபாக்களில் இருந்தார்கள். பெண்கள் குசினியில் பற்றீஸ் பொரித்தார்கள். எனக்கு எங்கே இருப்பதென்று தெரியவில்லை. சமாதான விருந்தாளி என்பதால் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கிடைத்தது. அதிலிருந்து இரண்டு அறையையும் பார்க்கலாம்.

நாடகத்தில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று கூட்டம் ஆராய்ந்தது. சிங்கத்தோடு குடும்பம் நடத்தியதை வைக்கலாம், அது வீரம். தகப்பனைக் கொன்றதையும் வைக்கலாம், அது விடுதலை. தங்கையைக் கட்டிய இடம் வந்ததும் ஆளுக்கொரு பற்றீஸ் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், அந்தக் காலத்தில் வேறு பெண்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்றார். அதையும் ஒரு வரியில் சொல்லலாம் என்று முடிவானது. கடைசியில் குவேனி விஜயனைச் சபிக்கும் இடம் வந்தது. அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாமென்றார்கள். பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சி. பிரதம விருந்தினர் முன்வரிசையில் இருப்பார். ஒரு பெண் மேடையில் நின்று கத்துவது அழகில்லை.

"அப்ப குவேனி என்ன சொல்லும்?" என்று நங்கி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"அழுதுகொண்டே இடப்பக்கமாகப் போவாள்" என்றார் பல் வைத்தியர்.

குவேனி வேடத்தை நங்கிக்குக் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மற்றத் தாய்மார் யாரும் தங்கள் பெண்பிள்ளைகளை விடவில்லை. யக்கினியாக, அதாவது பேயாக, நடித்தவள் என்று கலியாணம் பேசும்போது கதை வருமாம். நங்கி கலியாணம் முடித்தவள், நிறமும் கொஞ்சம் குறைவு, அவளுடைய கணவன் அந்தச் சங்கத்தின் உப செயலாளர் வேறு. அவளுடைய இரண்டு பெண்களே குவேனியின் பிள்ளைகள். மூத்தவளுக்குத் தலைப்பாகை கட்டி மகனாக்கினார்கள். உப செயலாளருக்கு மேடை ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை.

என்னுடைய வசனம் எது என்று கேட்டேன்.

"இளவரசிக்கு வசனம் இல்லை" என்றார் தலைவர் மிகவும் மரியாதையாக. "சங்கு ஊதும். நீங்கள் வலப்பக்கமாக வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்."

"அவவின்ர பேர் என்ன?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் பாண்டிய இளவரசி என்றுதான் இருந்தது.

நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சனம் நிறைந்திருந்தது. என் கணவரும் வந்திருந்தார், ராணியின் சொந்தக்காரர் என்ற தோரணையில். நான் காஞ்சிபுரம் உடுத்தி, தலையில் தங்கப் பேப்பர் ஒட்டிய முடியோடு வலப்பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்றேன். மேடையில் பழைய சைக்கிள் சில்லில் செய்த நூல் நூற்கும் இராட்டினம். அதன் முன்னால் உட்கார ஒரு நீள வாங்கு. அதில் நங்கி இருந்தாள். அன்று காலையும் அவள் வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகவே போனது. சிங்கம் செத்தது, கைதட்டினார்கள். கப்பல் வந்தது, கைதட்டினார்கள். கடைசிக் காட்சியில் விஜயன் வாளில் கை வைத்து, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடு என்று சிங்களத்தில் முழங்கினார். நங்கி எழுந்து அழ வேண்டும்.

அவள் எழும்பவில்லை. இராட்டினத்திலிருந்து கையை எடுத்து, அவரை நிமிர்ந்து பார்த்து, அதே சிங்களத்தில் சாதாரணமாகக் கேட்டாள்.

"எங்கே போவது?"

அது நாடகத்தில் இல்லாத கேள்வி. பல் வைத்தியர் திகைத்தார். போ என்றார் திரும்பவும், குரலை உயர்த்தி.

"அதுதான் கேட்கிறேன், எங்கே? இது என்னுடைய வீடு."

மண்டபத்தின் பின்வரிசையில் பெண்கள் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு யாரோ கைதட்டினார்கள். உப செயலாளர் மேடை ஓரத்தில் நின்று, "அழு, அழு" என்று வசனம் எடுத்துக்கொடுத்தார். இந்த நேரம் பார்த்து ஒலிநாடாவில் சங்கு ஊதிவிட்டது.

சங்கு ஊதினால் நான் போக வேண்டும். போனேன். மேடைக்கு நடுவில் ஓர் அரசன் வியர்த்துக்கொண்டு நின்றார். ஒரு மனைவி போகாமல் இருக்கிறாள், மற்ற மனைவி வந்துவிட்டாள். அரசன் என்னைக் கண்களால் கெஞ்சி அழைத்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் நங்கி வாங்கில் கொஞ்சம் தள்ளியிருந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"அக்கா, இருங்க. தூரத்துல இருந்து வந்ததுதானே."

நான் இருந்தேன். யோசித்து எடுத்த முடிவென்று சொல்ல மாட்டேன். புதுச் செருப்பு கடித்தது, இருக்க ஓர் இடம் கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து எங்கள் மடியில் ஏறிக்கொண்டார்கள். மண்டபம் முழுவதும் சிரிப்பு. திரையை இழுத்தார்கள், அது பாதியில் சிக்கி நின்றது.

ஒருவர் ஏன் சங்கத் தலைவராகிறார் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். பல் வைத்தியர் கிரீடத்தைக் கழற்றினார், ஒலிவாங்கியை எடுத்தார்.

"மதிப்புக்குரிய விருந்தினர்களே" என்றார் ஆங்கிலத்தில். "ஒரு சிங்களப் பெண், ஒரு தமிழ்ப் பெண், ஒரே வாங்கு. இந்த மாலையில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய செய்தி இதுதான்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரதம விருந்தினர் மேடையேறி அவருடைய கையைக் குலுக்கினார். சற்றுமுன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற உப செயலாளர், இப்படி வைப்பதென்று முதலே பேசியதுதான் என்று முன்வரிசைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களையும் கூப்பிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அப்போது நாங்கள் பள்ளிக்கூடக் குசினியில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். நான் கழுவ, அவள் துடைத்தாள். என் முடி சரிந்து சரிந்து கண்ணை மறைத்தது.

"உண்மைக் கதையில குவேனிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அவ தன் சனத்துகிட்ட திரும்பிப் போனது அக்கா. எங்களைக் காட்டிக்குடுத்தவ எண்டு அவங்க கொன்றது."

"எனக்கு?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "ராணிக்குப் பிள்ளை கிடைக்கல்ல. ராஜா சாகிற காலத்துல தம்பிக்கு ஆள் அனுப்பினது, அவன்ர மகன்தான் பிறகு ராஜா. ராணியைப் பற்றி வேற ஒண்டும் இல்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எனக்குக் கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். நான் தனியாகக் கிளினிக்குக்குப் போய்வந்த நாட்களில் என் ஷிப்டைப் பார்த்தவள் அவள்தான். "அக்கா, நான் அப்பிடி நினைச்சு..." என்று தொடங்கினாள்.

"பரவாயில்லை நங்கி" என்றேன். "ராஜாவுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளை. அப்ப கதைப்படி பிழை ராணியிலதான்."

"உங்கட வீட்டு ராஜாவுக்கு?"

நான் அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினேன். என் வீட்டு ராஜாவைச் சோதிக்க வேண்டுமென்று டொக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். ராஜாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாமி மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் எனக்கு விரதம் சொல்லுவா.

அன்று காரில் வரும்போது அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். "வடிவா இருந்தீர். ஆனா சிங்களத்திக்குப் பக்கத்தில போய் இருந்திருக்கக் கூடாது. ராணியெல்லோ?"

"நீங்கள் டொக்டரிட்டைப் போகோணும்" என்றேன்.

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?"

"எனக்கு இண்டைக்கு வசனம் தரேல்லை. அதுதான் இப்ப சொல்லுறன்."

அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் சொன்னேன், அவர் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த வருடம் சங்கம் எங்களைத் திரும்பவும் அழைத்தது. வாங்குக் காட்சி இப்போது நாடகத்தில் முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. நங்கி எழுந்து நிற்க வேண்டும், நானும் நிற்க வேண்டும். விஜயன் இருவரையும் பார்த்து, "அமருங்கள் பெண்களே" என்று கட்டளையிடுவார், நாங்கள் நன்றியோடு அமர வேண்டும். சங்கத்தில் மகளிர் பிரிவு ஒன்றும் தொடங்கினார்கள். நங்கிதான் தலைவி, பொறுப்பு சிற்றுண்டி. அவள் தனக்கு ஷிப்ட் என்றாள். நானும் ஷிப்ட் என்றேன். கொஞ்சக் காலத்தில் அவளுக்கு இங்கிலாந்தின் வடக்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டாள். உப செயலாளர் அங்கேயும் ஒரு சங்கம் தேடினாராம்.

என் கணவர் கடைசியில் டொக்டரிடம் வர ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: நாங்கள் குடியிருந்த தோர்ண்டன் ஹீத் சனம் வராத கிளினிக்காக இருக்க வேண்டும். காரை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று இரண்டு பஸ் மாறிப் போனோம். பிள்ளை இல்லாதவர்கள் மட்டும் வரும் அந்தக் கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் அவர் ஆங்கிலப் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். எதிரே இன்னொரு பத்திரிகை விரிந்திருந்தது. அதன் பின்னாலிருந்து யாரோ தும்மினார்கள். என் கணவர் மெல்ல எட்டிப் பார்த்தார். எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணை. பெண்ணைக் கும்பிடுவது பற்றி இவர்கள் இருவரும் அந்தக் கடை வாசலில் நின்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள்.

"என்ன அண்ணை, இஞ்சாலை?"

"இரத்தப் பிறசர் பாக்க வந்தனான் தம்பி. நீர்?"

"நானும் பிறசர்தான்."

அண்ணையின் மனைவி ஒரு கதிரை தள்ளி இருந்தா. நான் அவவைப் பார்த்தேன், அவ என்னைப் பார்த்தா. இருவரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டோம். சிரிப்பை அடக்க ஏலாமல் போனபோது, நான் எழுந்து அவவுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.