கசப்பம்மாவின் நாக்கு

என் மனைவியைத் தொழிற்சாலையில் எல்லோரும் கசப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். பன்னிரண்டு வருடம் நின்றுகொண்டே பாட்டில் கழுவி, கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்ட பிறகுதான் ருசி பார்க்கும் நாற்காலி அவளுக்குக் கிடைத்தது.

அங்கே தயாராவது டானிக் வாட்டர். ஒரு காலத்தில் குளிர்காய்ச்சலுக்கு ஏதோ மரப்பட்டையை இடித்துக் கொடுத்தார்களாம். அதன் சாரம்தான் கொயினா. வாயில் வைக்க முடியாத கசப்பு. சர்க்கரையும் சோடாவும் சேர்த்து எப்படியோ உள்ளே தள்ளினார்கள். பிறகு எவனோ அதில் சாராயத்தையும் ஊற்றிப் பார்த்தான். காய்ச்சல் போனாலும் பழக்கம் போகவில்லை. இப்போது பேருக்குத்தான் கொயினா சேர்க்கிறார்கள். அளவு மீறினால் காது இரையும், இதய நோய்க்காரர்களுக்கு ஆபத்து. அந்த அளவைப் பிடிப்பதுதான் அவள் நாக்கின் வேலை.

போன மாதம் அவளுக்கே காய்ச்சல் வந்தது. போகும்போது கசப்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. என்னிடம் மட்டும் சொன்னாள். நானும் பெரிய மேதாவி மாதிரி, "ரெண்டு நாள்ல சரியாயிடும், யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றேன். புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் கொயினா கலந்த தண்ணீர் நீலமாக மினுங்கும். அதைப் பார்த்தே பத்து நாள் சரியென்று கையெழுத்துப் போட்டாள். கொயினா இருக்கிறது என்று விளக்கு சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று வெறுங்கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

பத்தாம் நாள் சாயங்காலம் அன்றைய சரக்கிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தாள். கலவைக்காரர் மறதியில் கொயினாவை இரண்டு தடவை ஊற்றிவிட்டாரோ என்று வழியெல்லாம் அவளுக்குச் சந்தேகம். செருப்பைக்கூடக் கழற்றாமல் டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க. லாரி கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருக்கு."

ஒரு வாய்தான். அப்படியொரு கசப்பு, முகம் தானாகச் சுளித்துக்கொண்டது. உள்ளதைச் சொன்னால் நாற்காலி போய்விடும், மறுபடி அதே காலோடு கழுவும் தொட்டி. தினமும் அந்தக் காலுக்கு ஒத்தடம் கொடுத்து எனக்கும் அலுத்துவிட்டது.

"எப்பவும் போலத்தான் இருக்கு" என்றேன்.

சுளித்திருந்த என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சார், லாரியை நிறுத்துங்க. கொயினா ஜாஸ்தியாயிருக்கு. பத்து நாளா எனக்குக் கசப்பே தெரியல சார், முன்னாடி போனதையும் ஒரு தடவை பாத்துடுங்க."

மேனேஜர் வெகுநேரம் பேசினார். இவள் "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னாள். நாளையிலிருந்து கழுவும் பிரிவு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான் நல்லா இருக்குன்னு சொன்னேனே. அப்புறம் எதுக்குப் போன் பண்ணினே?"

அவள் அலுப்போடு உட்கார்ந்து, டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா இருந்தா மீதியையும் குடிங்க."

நான் குடிக்கவில்லை.