நொத்தாரிசுக் கண்ணாடி

போன மாதம் கண் வைத்தியரிடம் போனேன். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பது எறும்பு ஊர்வதுபோலத் தெரிகிறது என்று சொன்னேன். வைத்தியர் இளவயதுக்காரர். "வெள்ளெழுத்து அன்ரி. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வாறதுதான்" என்றார். பிறகு புடவைக்கடைக்காரன் சேலை விரிப்பதுபோல ஒவ்வொன்றாக விரித்தார். வாசிக்க மட்டும் ஒரு கண்ணாடி. மேலே தூரமும் கீழே கிட்டமும் தெரிகிற கண்ணாடி. கண்ணிலேயே ஒட்டுகிற வில்லை. லேசர். வெளிநாட்டில் சொட்டு மருந்துகூட வந்துவிட்டதாம்.

"உங்களுக்கு எது விருப்பம்?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனாலும் ஏச்சு அவருக்குத்தான் விழுந்தது. "தம்பி, உது என்ன, ஐஸ்கிறீம் கடையே? ஏதாவது ஒண்டைத் தாரும்" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன்.

என் அப்பாவுக்கு வெள்ளெழுத்து வந்தபோது எங்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. யுத்த காலம், ஆழக்கடலுக்குப் போகத் தடை. போனால் கடற்படை சுடும். அப்பா ஆழமில்லாத பரவைக்கடலுக்குள் சின்ன வள்ளத்தில் போய்த் தூண்டில் போட்டு மீன் பிடித்தார். அவருடைய கண் தூரத்துக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் மேகம் என்று சொல்வதை அவர் கப்பல் என்பார். கப்பலாகத்தான் இருக்கும். ஆனால் கையில் இருக்கும் தூண்டிலில் நூல் கோர்க்கிற காது அவருக்குத் தெரியாது. கையை நீட்டிப் பார்ப்பார். தலையைப் பின்னால் சாய்ப்பார். கை நீளம் போதவில்லை.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் பொன்னாங்காணி காய்ச்சினாள். ஒரு பரியாரியார் நந்தியாவட்டைப் பூச்சாறும் தேனும் கலந்து கண்ணில் விட்டார். அப்பா இரண்டு நாள் சிவந்த கண்ணோடு தூரத்துக் கப்பலையும் காணாமல் படுத்திருந்தார். சிகரெட் பெட்டி மட்டையில் ஊசித் துளை போட்டு அதற்குள்ளால் பார்த்தால் தெரியும் என்று என் பள்ளிக்கூட வாத்தியார் சொல்லி அனுப்பினார். தெரிந்ததுதான். ஆனால் ஒரு கை மட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றக் கையால் தூண்டில் முடிய முடியாது. இது எந்த வாத்தியாருக்கும் தெரியாது.

கடைசியில் தூண்டில் முடிகிற வேலை எனக்கு வந்தது. எப்படி முடிவது என்று அப்பா வாயால் சொல்வார், நான் முடிவேன். விரலில் குத்தும். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணை போராடவென்று இயக்கத்துக்குப் போனபிறகு எங்கள் வீட்டில் கதை நின்றுவிட்டது. அம்மா அடுப்போடு கதைத்தாள். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண்டில் முடிகிற அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான் அவர் வாய் திறந்தார். "இறுக்கு. பிள்ளையின்ரை கண்ணுக்கு ஒரு கண்ணூறும் வரக்கூடாது" என்பார். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கிளாலிக் கடலேரியால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தார். வரும் வழியில் ஆமிக்காரர் சோதித்து, தடைசெய்த சாமான் என்று அவருடைய பற்றரியைப் பறித்தார்கள். கண்ணாடியை விட்டார்கள். கொழும்பில் நடைபாதையில் வாங்கிய, தடித்த கறுப்புச் சட்டம் போட்ட வெள்ளெழுத்துக் கண்ணாடி. அப்பா அதைப் போட்டார். ஒரு தூண்டிலை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்து, "அட, துரு" என்றார். மூன்று நாள் அவரே தூண்டில் முடிந்தார். வாய் திறக்கவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை.

நாலாம் நாள் கண்ணாடியோடு கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பக்கத்து வள்ளக்காரர் எழும்பிக் கைகட்டி நின்றார்.

"விலத்துங்கோடா, நொத்தாரிசு ஐயா வாறார்! ஐயா, என்ரை மனிசியின்ரை சீதனக் காணியை என்ரை பேரிலை ஒருக்கா உறுதி எழுதித் தாருங்கோவன்."

காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுமார்தான் எங்கள் பக்கத்தில் அப்படித் தடித்த கண்ணாடி போடுவார்கள். கரை முழுக்கச் சிரித்தது.

"இப்பதான் உன்ரை மூஞ்சையைக் கிட்டப் பாக்கிறன்," என்றார் அப்பா. "உதுக்கு ஆர் காணி தந்தவை?"

இன்னும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் துணியில் சுற்றி றங்குப்பெட்டிக்குள் வைத்து மூடினார். கடலுக்குப் போகிறவன் கண்ணாடி போட்டால் நோஞ்சான் என்பது அந்தக் கரையின் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதிய மடையர்களில் என் அப்பாவும் ஒருவர். அன்று பின்னேரம், "பிள்ளை, வா" என்று கூப்பிட்டார்.

அடுத்த நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் றங்குப்பெட்டியைத் திறந்தேன். கண்ணாடியை எடுத்துப்போய் அம்மா சமைக்கிற குசினியின் கூரையில் தென்னங்கிடுகுக்கும் தடிக்கும் இடையில் செருகினேன். அவர் மனம் மாறித் திரும்பவும் எடுத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் என் யோசனை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒருநாள் காலை அப்பா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கடலால் வந்தார். கெளிற்று மீன் குத்தியிருந்தது. கட்டைவிரலின் அடியில் முள் முறிந்து உள்ளே நின்றது. அம்மா சுடுதண்ணீர் வைத்தாள். ஊசியை நெருப்பில் காட்டினாள். ஆனால் அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"எடி, றங்குப்பெட்டிக்கை அந்தக் கண்ணாடி கிடக்கு, எடுத்து வா."

நான் போனேன். பெட்டியைத் திறந்தேன். சத்தம் கேட்கத் துணிகளைக் கிளறினேன். திரும்பி வந்து, "காணேல்லை அம்மா" என்றேன்.

"வடிவாப் பாத்தனியே?"

"ஓம்."

"விடப்பா," என்றார் அப்பா அம்மாவிடம். "என்ரை கண் இஞ்சை நிக்குது. பிள்ளை எடுக்கும்."

அவருடைய கையை என் மடியில் வைத்தார். நான் ஊசியால் தோண்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஒரு நெல்லளவு துண்டு வந்தது. எடுத்து அவருடைய இடது கையில் வைத்தேன். அவர் அதைக் கையை நீட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தார்.

"முனை இருக்கோ பிள்ளை? நல்லாப் பார். முனையோடை வந்ததோ?"

"ஓம் அப்பா."

காயத்துக்குள் ஆழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. நான் அதைக் கண்டேன். உறைந்த இரத்தம் என்று நினைத்தேன். கெளிற்று முள்ளின் முனை எப்படி இருக்கும், அதன் பக்கத்தில் மரம் அரியும் வாள்போலப் பல் இருக்கும், இழுத்தால் முனை உள்ளேயே நிற்கும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? அப்பாவுக்குத் தெரியும். அவர் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அவரால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடிந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் "ஓம்" என்றேன். அவர் என் தலையில் இடது கையை வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

மூன்றாம் நாள் கை வீங்கியது. ஐந்தாம் நாள் வீக்கம் முழங்கைவரை ஏறி, விரல்கள் கறுத்தன. காய்ச்சலில் அண்ணையின் பெயரைச் சொல்லிப் பிதற்றினார். ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு தடவை குண்டுவீச்சு விமானம் வந்து, மதகுக்குக் கீழே கிடந்தார்கள். பொருளாதாரத் தடையில் மருந்து அரிதாகக் கிடைத்த காலம். உயிரைக் காப்பாற்றினார்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள். வெட்டிய இடத்திலிருந்து கிடைத்த முள் முனையை டாக்குத்தர் அம்மாவிடம் காட்டினாராம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாம்.

கட்டைவிரல் இல்லாதவன் வள்ளத்தில் என்ன செய்வான்? கயிறு பிடிக்க முடியாது, வள்ளத்தைத் தள்ளத் தாங்குதடி ஊன்ற முடியாது. அப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கேலி செய்த பக்கத்து வள்ளக்காரர்தான் மீன் கொண்டுவந்து தந்தார். முற்றத்தில் நிற்பார், தலையைக் குனிந்துகொண்டு போவார். ஒருதரம்கூட அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து ஒரு கிழமை இருக்கும். காலை வெயிலில் முற்றத்தில் இருந்தார். அம்மா கிணற்றடியில் நின்றாள். நான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, அந்த நொத்தாரிசுக் கண்ணாடியை ஒருக்கா எடுத்து வாவன்."

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடினேன். குசினிக் கிடுகுக்குள் கையை விட்டேன், எடுத்தேன், ஓடிவந்து கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் இடது கையால் வாங்கினார். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டை நுனியால் மெல்லத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கையைக் காட்டு" என்றார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூண்டில் குத்திய வடுக்களைப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் என் கையைப் பார்த்தது அதுதான் முதல்தரம்.

அம்மா வாளியோடு வந்தாள். "உது எங்கை கிடந்தது?"

"றங்குப்பெட்டிக்கைதான்," என்றார் அப்பா. "அண்டைக்கு வடிவாத் தேடேல்லை."

அப்பா ஏமாந்துவிட்டார், இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன். சாகும்வரை அவர் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தபோது வெள்ளைச் சட்டை நுனி கறுத்துப்போனதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். குசினிக் கூரையின் புகைக்கரி. றங்குப்பெட்டிக்குள் ஏது கரி என்று கேட்க எனக்கு அப்போது அறிவில்லை.