குழாய்த் தண்ணீர் ஊற்றிய பற்றரி

சண்டைக் காலத்தில் துறைமுகத்துக் கடற்படை ஸ்டோரில் எனக்குப் பற்றரி சார்ஜ் செய்யும் வேலை. அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் அதே வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு.

தண்ணீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் டொர்பிடோக் குண்டில் ஒரு புதுவகை ஸ்டோருக்கு வந்தது. மற்றவற்றைவிடக் கட்டை, பாரமும் குறைவு. பிளேனிலிருந்து கடலில் போடுவது. நீர்மூழ்கியின் விசிறிச் சத்தத்தைக் கேட்டு அதன் பின்னாலேயே போகும். வெள்ளைக்கார அதிகாரி காதைத் தொட்டு, கையை வளைத்து அதைக் காட்டினார். ஓடுவது பற்றரியில். பற்றரி இறங்கினால் வெறும் இரும்பு.

என் அண்ணன் பம்பாய்க் கப்பலில் கரி போடுகிறவன். அவன் போகும் கடலில் ஜப்பான்காரனின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன.

ஒரு நாள் பன்னிரண்டு பற்றரி. கடைசிக்கு வரும்போது பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் முடிந்துவிட்டது. எங்களை மேய்க்கிற ஓவசியர் தண்ணீர்க் குழாயைக் காட்டினார்.

"அது கூடாது ஐயா. பற்றரி சும்மா இருக்கவே இறங்கிப்போகும். கராஜில எண்டா துணி கட்டி மழைத்தண்ணி பிடிப்பம்."

"தண்ணி எல்லாம் தண்ணிதான்டா. ஞானஸ்நானம் குடுக்கவா போறாய்? ஊத்து."

ஊற்றினேன். அது என் பிழை. நான் கை கழுவி வருவதற்குள் பன்னிரண்டையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டார்கள். எது எதுவென்று தெரியவில்லை.

கூட வேலை செய்தவனிடம் சொன்னேன்.

"வாயை மூடிக்கொண்டு இரு மச்சான். சொன்னியெண்டா உன்னை ஜப்பான்காரன்ட ஆள் எண்டு உள்ள போடுவான்."

அன்று நித்திரை இல்லை. காலையில் அதிகாரியிடம் போனேன். எங்கள் பேச்சை அவருக்கு இங்கிலீஷில் சொல்கிறவர் ஓவசியர்தான். அவரைச் சொல்ல விட்டால் கதையை மாற்றிவிடுவார். எனக்குத் தெரிந்ததை நானே சொன்னேன்.

"சேர், வன் பற்றரி, பைப் வோட்டர். நோ குட். மை மிஸ்டேக்."

எது என்று கேட்டார். தெரியாது என்றேன். மூன்று விரலைக் காட்டினேன். மூன்று நாள் சும்மா வைத்தால் கெட்டது தானாக இறங்கும்.

அவர் இரண்டு விரல் காட்டினார். நான் மறுபடியும் மூன்று காட்டினேன். சரியென்று தலையாட்டினார்.

மூன்று நாளும் பற்றரிகளைவிட்டு நான் அசையவில்லை. அசிட் கனம் பார்க்கும், உள்ளே மிதப்பு வைத்த கண்ணாடிக் குழாயோடு இருந்தேன். முதல் நாள் எல்லாம் ஒன்றுபோல். ஓவசியர் சிரித்தார்.

"பெரிய டொக்டர் நாடி பிடிக்கிறார்."

மூன்றாம் நாள் காலை ஒன்றில் மிதப்பு தாழ்ந்தது; இறங்கிய பற்றரி அதுதான். அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னார். என்னை வேலையால் நிறுத்தவில்லை. ஓவசியர் அதன்பின் என்னோடு கதைக்கவில்லை. போகட்டும்.

மிச்சம் பதினொன்றையும் நானே லொறியில் ஏற்றினேன். ஏற்றியபின் ஒவ்வொன்றாய் இன்னொரு தடவை கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்த்தேன். லொறிக்காரன் ஹோர்ன் அடித்து ஏசினான். பதினொன்றும் பார்த்து முடித்துத்தான் இறங்கினேன்.