டிக்கியில் ஒரு மூட்டை நெல்

பிரேக் பிடித்தும் எங்கள் பழைய அம்பாசடர் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கிறது. கனம் கூடிவிட்டதோ என்று உறுத்தலாக இருந்ததால், இன்று வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில் எடை மேடையில் ஏற்றினேன்.

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் போட்டது நான்தான். பக்கத்து ஊர்க்காரரின் வேன் மாதிரி பின்பக்கம் நீண்ட 'நீட்டு பாடி' அம்பாசடரில் அதே எஞ்சின் அருமையாக ஓடியதைப் பார்த்த ஆசை. எங்கள் வண்டியில் எஞ்சின் கனத்தில் முன்பக்கம் தொங்கிப்போனது.

மெக்கானிக் அண்ணன் ஒரு வழி சொன்னார்: "டிக்கியில ஒரு மூட்டை நெல்லு போட்டுக்கினு ஓட்டு நைனா. முன்பக்கம் தூக்கிக்கும்."

தூக்கிக்கொண்டது. மூன்று வருடமாக மூட்டை அங்கேயேதான் இருக்கிறது.

எடை போடுபவர் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எடையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "இன்னாப்பா இது? ஆளே ஏறாம புக்குல போட்டத விட ரெண்டு ஆளு வெயிட்டு கூட கீது." பக்கத்து ஊர் வண்டியைப் பார்த்து எஞ்சின் மாற்றியதைச் சொன்னேன். "அந்த நீட்டு பாடிக்குப் பின்னாடியே வெயிட்டு கீது, தாங்கும். உன்னுது அப்படியா? பிரேக்காவது மாத்தினியா?"

"இல்லண்ணா."

"மூணு வருஷமா இதுலயா குடும்பத்தை ஏத்திக்கினு போற?"

ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நாளை என் மனைவிக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு இந்தக் காரில்தான் அனுப்புவேன் என்று மாமியாரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "வண்டி நல்லாத்தானே கீது?"

"நல்லா கீது" என்றேன்.

மூட்டையை இறக்கிவிட்டேன். வண்டி மறுபடி தலைகுனிந்து நிற்கிறது, என்னைப் போலவே.

நாளை அவளைக் கூட்டிப்போக, எங்கள் உத்திரமேரூரில் நிதானமாக ஓட்டுகிற ஆட்டோக்காரர் யாரையாவது தெரியுமா? மாமியாரிடம் சொல்ல ஒரு காரணமும் வேண்டும்.